ஆர்டனின் ஐந்தாவது ஆள்

பத்தொன்பது வருஷமாக கேலன் ஆஸ்டர்கேம்ப்புக்கு இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் போயின. சர்ச்சிலிருந்து வருவார், சாப்பிடுவார், மேஜையைத் துடைத்துவிட்டு அதன்மேல் மடிக்கணினியைத் திறந்து வைப்பார். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையிலிருக்கும் சின்னப் பள்ளிகளின், புல்வெளியில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற பெண்கள் கிராஸ் கன்ட்ரி அணிகளில் எது முதல், எது இரண்டு, எது பதினைந்து என்று அன்றைக்குப் பட்டியல் போடுவார். யாரும் அவரை நியமிக்கவில்லை. பிழைப்புக்கு அவர் கெஸ்லர் ஊரின் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்காச்சோள லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. எண்களோடேயே பழகிப்போன மனுஷர்.

மகள் கெஸ்லர் பள்ளிக்காக ஓடிய காலத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. பெரிய ஊர்ப் பள்ளிகளைப் பற்றித்தான் பேப்பர்காரர்கள் எழுதினார்கள். நூறு நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, நாமே போடுவோம் என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். மகள் படிப்பை முடித்து, கல்யாணம் செய்துகொண்டு ஒமாஹா போய்விட்டாள். பட்டியல் நின்றபாடில்லை. இப்போது அந்தப் பக்கத்துக் கோச்சுகள் அத்தனை பேரும் திங்கட்கிழமை காலை காபியோடு அதைத்தான் படித்தார்கள். சில பள்ளிகளில் காலை அறிவிப்பில்கூட வாசித்தார்கள் என்று அவர் காதுக்கு வந்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"உன் பட்டியல்ல நான் எத்தனாவது?" என்று அவர் மனைவி ரெனே வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். அவள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு இந்த மௌனமான கணக்கு வேடிக்கையாக இருந்தது.

செப்டம்பர் பட்டியல்தான் கஷ்டம். ஒன்றிரண்டு ஓட்டம்தான் முடிந்திருக்கும். ஒரு ஊரில் மேடு, இன்னொரு ஊரில் சமதரை. ஒருநாள் வெயில், ஒருநாள் மழை. போன வருஷம் பறந்தவள் கோடையில் நாலு அங்குலம் வளர்ந்து கால் பழகாமல் தடுமாறுவாள். பேரே தெரியாதவள் திடீரென்று முன்னால் வந்து நிற்பாள். பாதி கணக்கு, பாதி ஊகம்.

அந்த ஓட்டத்தில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடலாம். முதலில் வருகிற ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அது ஜெயித்தது. ஒருத்தி முதலாவதாக வந்து கையை உயர்த்தினாலும், அதே அணியின் ஐந்தாமவள் அறுபதாவதாக வந்தால் எல்லாம் போச்சு. அதனால் கேலன் எப்போதும் முதல் ஆளைப் பார்க்கமாட்டார், ஐந்தாவது ஆளைத்தான் தேடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டன் ஃபால்ஸ் அணியும் அவர் ஊரான கெஸ்லர் அணியும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆர்டனின் முதல் நாலு பேர் நல்ல பலம். ஐந்தாவதாக ஜூனி ஹாவர்மன் என்று ஒரு பேர் இருந்தது. பத்தாம் வகுப்பு. போன வருஷம் அதே அணியில் ஒன்பதாவது ஆளாக இருந்து ஒரு பந்தயத்தில்கூட இடம் கிடைக்காதவள், இந்த வருஷம் இரண்டு நிமிஷம் குறைத்து ஓடியிருந்தாள். கேலன் அவளைப் பார்த்ததே இல்லை. ஆர்டனின் கோச் லைல் பட்டனுக்குப் போன் போட்டு, எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டார். அது வழக்கமான கேள்வி.

"குதிரைக்குட்டிங்க மாதிரி இருக்காங்க," என்றார் லைல். "நீங்க மட்டும் எங்களைக் கெஸ்லருக்குக் கீழ போட்டுப் பாருங்க, சொந்த ஊர்ப் பாசம் போகலைன்னு ஊரெல்லாம் சொல்லிருவேன்."

கேலன் சிரித்துவிட்டு ஆர்டனை முதலிடத்தில் வைத்தார். ஒவ்வொரு அணியின் கீழும் இரண்டு வரி எழுதுவது வழக்கம். ஆர்டனுக்கு இப்படி எழுதினார்: 'முதல் நால்வரைப் பற்றிக் கவலை இல்லை. ஐந்தாவது ஆள் ஜூனி ஹாவர்மன் தாங்கினால் முதலிடம் இவர்களுடையது. தாங்காவிட்டால் இது வேறு அணி.' எழுத அரை நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த அணிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை வேறொரு ஊரின் கோல்ஃப் மைதானத்தில் பந்தயம். பதினாலு பள்ளிகள். ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. மைதானத்தின் ஓரத்தில் பள்ளிக்கொரு கூடாரம், அதற்குள் பைகளும் தண்ணீர்ப் பெட்டிகளும் ஆரஞ்சுத் துண்டுகளும் குப்புறப் படுத்துக் கிடக்கும் பெண்களும். கேலன் வழக்கம்போல் கூட்டத்தை விட்டு விலகி, முடிவுக்கோட்டுக்கு நூற்றைம்பது மீட்டர் முன்னால் கடைசி வளைவில் போய் நின்றுகொண்டார். கையில் ஸ்டாப் வாட்ச், அட்டை, பென்சில். தலையில் தானியக் கிடங்கில் கொடுத்த பச்சைத் தொப்பி, அதில் கெஸ்லர் என்று பெரிய எழுத்து.

துப்பாக்கி வெடித்தது. பதினெட்டு நிமிஷத்துக்கெல்லாம் முதல் பெண் வளைவில் திரும்பினாள். கேலன் வருகிறவர்களின் சட்டை நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனார். ஆர்டனின் மெரூன் சட்டைகள் மூன்று, எட்டு, பதினொன்று, பதினாலு என்று போயின. கெஸ்லர் பின்னால் நெருக்கமாக வந்தது. ஆர்டனின் ஐந்தாவது ஆள் முப்பத்தைந்துக்குள் வந்தால் ஆர்டன்தான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார்.

இருபத்தேழாவதாக ஒரு மெரூன் சட்டை திரும்பியது. ஜூனி ஹாவர்மன். ஒல்லியான பெண், செம்பட்டை முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். கேலன் 27 என்று எழுதினார். எழுதும்போதே அவள் ஓட்டத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. வலது பாதத்தைத் தரையில் ஊன்றாமல், சுடுமணலில் வைப்பதுபோல் வைத்து வைத்து எடுத்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவருக்கு நாலடி தூரத்தில் வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ காய்ந்த சுள்ளியை மிதித்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் கீழே பார்த்தார். அங்கே சுள்ளி எதுவும் இல்லை, வெட்டிவிட்ட புல்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அவள் தரையில் கிடந்தாள். உடனே கையூன்றி எழப் பார்த்தாள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் அந்தக் கால் மடங்கியது. திரும்பவும் விழுந்தாள். பிறகு இரண்டு கையையும் ஒரு முழங்காலையும் வைத்து, உடைந்த காலை இழுத்துக்கொண்டு தவழ ஆரம்பித்தாள். அவள் கத்தவே இல்லை. 

ஓட்டப் பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கவில்லை. களைத்துப்போன ஒரு பெண் விழுந்துவிட்டு, விடாமல் தவழ்கிறாள் என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கைதட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் உற்சாகப்படுத்தக் கொண்டுவந்திருந்த மாட்டுமணியை ஆட்டினார். இன்னும் கொஞ்சம்தான் ஜூனி, வந்துட்ட ஜூனி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் படம் எடுத்தாள். பின்னால் வந்த பெண்கள் ஜூனியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

கேலன் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. பிற்பாடு அட்டையை எடுத்துப் பார்த்தபோது 27-க்குக் கீழே 28, 29, 30, 31 என்று வரிசையாக எழுதியிருந்தது. அவர் கையெழுத்துதான், ஒரு எண்ணும் கோணல் இல்லை. அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டு கிடக்க, தன் கை பாட்டுக்கு நாலு பேரைக் குறித்திருக்கிறது என்பதை அவரால் வெகுநாள் ஜீரணிக்க முடியவில்லை.

அட்டையைப் போட்டுவிட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஏம்மா, நில்லு. கால் உடைஞ்சிருக்கு."

"தொடாதீங்க," என்றாள். மூச்சு வாங்கியது. "யாராவது தொட்டா என் ஓட்டம் கணக்கில சேராது."

"சேராட்டிப் போகுது. நகராத."

"நான் அஞ்சாவது ஆள்." அவர் முகத்தைப் பார்க்காமல், முடிவுக்கோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் தாங்கினாத்தான் முதலிடம். அப்படித்தான் போட்டிருக்காங்க."

 அது கேலனின் சொந்த வார்த்தை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ரெனே பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவில் தட்டிய வார்த்தை. அது இந்த வாயிலிருந்து, இந்தப் புல்தரையில். அதை எழுதிய ஆள் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. இன்னும் ஒரு கை தூரம் நகர்ந்தாள். காலுறைக்கு மேலே தோல் உள்ளிருந்து முட்டிக்கொண்டு வெளுத்துத் தெரிந்தது.

வேண்டாம் என்றால் நிற்கமாட்டாள், வலிக்கும் என்றாலும் நிற்கமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. கணக்கைச் சொன்னால்தான் கேட்பாள்.

"பெக்கா உன்னைத் தாண்டிப் போயிட்டா," என்றார். பெக்கா அந்த அணியின் ஆறாவது ஆள், பட்டியலுக்காகத் தட்டி மனப்பாடமாகியிருந்த பேர். "இனிமே அவதான் அஞ்சாவது. நீ போய்ச் சேர்ந்தாலும் சேராட்டியும் கூட்டுத்தொகை மாறாது."

அவள் தவழ்வதை நிறுத்தினாள். "நிஜமாவா?"

"நிஜமா."

நெற்றியைப் புல்லில் வைத்துக்கொண்டாள். கேலன் அவள் தோள்மேல் கையை வைத்து, போதும், அசையாதே என்றார். கைதட்டல் நின்றது. கூட்டத்திலிருந்து ஒரு ஆண் குரல், "யோவ், விடுய்யா அவளை. அவ முடிக்கட்டும்," என்றது. இன்னொருவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். கேலன் முதலுதவி ஆட்களை நோக்கிக் கையை ஆட்டினார்.

அப்போதுதான் வளைவில் இன்னொரு மெரூன் சட்டை திரும்பியது. பெக்கா. அவள் போயிருக்கவில்லை, இப்போதுதான் வருகிறாள். தரையில் கிடப்பது யார் என்று தெரிந்ததும் அவள் கால்கள் தானாக நின்றன. ஜூனி தலையைத் தூக்கினாள். பெக்காவைப் பார்த்தாள், பிறகு கேலனைப் பார்த்தாள்.

"பொய் சொன்னீங்க," என்றாள்.

கேலன் அவள் தோள்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"பெக்கா, நிக்காத. ஓடு. நீதான் அஞ்சு."

பெக்கா அழுதுகொண்டே ஓடினாள். நாற்பத்து நாலாவதாகப் போய்ச் சேர்ந்தாள். முதலுதவிக்காரி வந்து காலுறையைக் கத்தரித்தபோதுதான் அந்தக் கால் எல்லார் கண்ணிலும் பட்டது. மாட்டுமணி ஆட்டியவர் மணியைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கோச் லைல் முடிவுக்கோட்டிலிருந்து ஓடி வந்தார். பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எழுபத்தொன்றுக்கு எண்பது. கெஸ்லர் ஜெயித்தது.

மதியத்துக்குள் படம் ஊரெல்லாம் சுற்றியது. அந்தப் பெண்மணி எடுத்த படத்தில் ஜூனியின் கால் தெரியவில்லை. கேலனின் முதுகு மறைத்திருந்தது. கோட்டை நோக்கித் தவழ்கிற ஆர்டன் பெண்ணும், அவள் தோளைப் பிடித்து நிறுத்துகிற ஆளும், அந்த ஆளின் தொப்பியில் கெஸ்லர் என்ற எழுத்தும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அதை யாரோ அவர் பட்டியல் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கில் ஏச்சு. ஆர்டனை முதலிடத்தில் வைத்துவிட்டுத் தன் ஊர் தோற்கும்போல இருந்ததும் ஓடிவந்து பிடித்துவிட்டான் என்று ஒருவர். பத்தொன்பது வருஷமாக இவன் கணக்கே இப்படித்தான் என்று இன்னொருவர். அந்த இரண்டாவது ஆளை கேலனுக்குத் தெரியும். வருஷா வருஷம் எடைமேடையில் அவரோடு நின்று வானிலை பேசுகிறவர்.

ரெனே பதில் எழுதத் துடித்தாள். "அந்தப் பிள்ளை கால் எப்படி இருந்துச்சுன்னு எழுது. ரெண்டே வரி."

"அது அவ கால்," என்றார் கேலன். "நான் எழுத மாட்டேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. ஏச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். 'அப்படித்தான் போட்டிருக்காங்க' என்ற குரல் காதுக்குள்ளேயே இருந்தது. பட்டியலை அவர் கோச்சுகளுக்காகவும், அப்பாமார்களுக்காகவும், சலூனில் உட்கார்ந்து வாதாடுகிறவர்களுக்காகவும் எழுதிக்கொண்டிருந்தார். ஓடுகிற பெண்கள் படிப்பார்கள் என்று தெரியாமல் இல்லை. ஆனால் ஒருத்தி அதை உத்தரவுபோல் எடுத்துக்கொள்வாள் என்று பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

ஞாயிறு மதியம் மடிக்கணினியைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரெனேதான் காரை ஓட்டினாள். போகும் வழியில் கோச் லைல் போன் செய்தார். முந்தின நாள் இரவே அறுவை முடிந்துவிட்டது, எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், எலும்பில் பல வாரத்துக்கு முந்தைய விரிசல் இருந்திருக்கிறது என்று சொன்னார். 

"வியாழக்கிழமை லேசா நொண்டினா," என்றார் லைல். "கேட்டேன். இல்லை கோச், ஒண்ணுமில்லேன்னா. எனக்கு அதை நம்பணும்போல இருந்துச்சு, கேலன். நம்பிட்டேன்."

நடைவழியில் ஜூனியின் அப்பா கர்ட் உட்கார்ந்திருந்தார். வான்கோழிப் பண்ணைக்காரர், முந்தின நாள் போட்ட சட்டையோடேயே இருந்தார். ஜூனியைத் தடுத்தவர் கேலன்தான் என்று தெரிந்ததும் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நாலடி தவழ்ந்திருந்தால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது என்றார்.

கேலனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டார். பட்டியல் போடுவது நான்தான், ஜூனி தாங்கினால் முதலிடம் என்று எழுதியது நான்தான், தவழும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

கர்ட்டின் கை மெதுவாக விலகியது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜூனியின் அம்மா டியான் காகிதக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அதை அவ தானாப் படிக்கலை," என்றாள். "நான்தான் படிச்சுக் காட்டினேன். திங்கட்கிழமை காலையில, அவ சீரியல் சாப்பிடும்போது. அவ பேரை எழுத்துல பார்த்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு தடவை படிச்சேன். அவ அப்பா குளிச்சிட்டு வந்ததும் மூணாவது தடவை." அவள் குரல் உடையவில்லை. அதைக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. "படியில இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சு இறங்கினா. அதையும் பார்த்தேன். வயசுப் பொண்ணு, தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கிட்டேன்."

ரெனே போய் அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு டியான் கேலனிடம், உள்ளே போய் அவளிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

ஜூனி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, முடி அவிழ்ந்து கிடந்தது. கால் தலையணைகளின்மேல் கட்டோடு உயர்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"பொய் சொன்னவர்," என்றாள்.

"ஆமா. இன்னொண்ணும் சொல்லணும்." கேலன் நின்றபடியே பட்டியலைப் பற்றிச் சொன்னார்.

அவள் புருவம் சுருங்கியது. "அந்தப் பட்டியல் நீங்களா?"

"நான்தான்."

"அதை ஏதோ கம்ப்யூட்டர் போடுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

 கேலன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஜூலை மாதத்திலிருந்தே வலி இருந்தது என்று அவளாகவே சொன்னாள். முதலில் ஓடி முடித்தபின், பிறகு ஓடும்போது, பிறகு படுத்திருக்கும்போதும். சொன்னால் நிறுத்திவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. போன வருஷம் முழுக்கத் தண்ணீர்ப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாளாம். திரும்ப அதற்குப் போக முடியாதாம்.

"நான் எழுதாம இருந்திருந்தா ஓடியிருக்க மாட்டியா?" அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் நாற்பது மைல் வந்திருந்தார்.

அவள் யோசித்தாள். எப்படியும் ஓடியிருப்பேன் என்று சட்டென்று சொல்லி அவரை விடுவித்துவிடுவாள் என்று அவருக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"ஓடியிருப்பேன்," என்றாள். "ஆனா மூணாவது கிலோமீட்டர்ல ரொம்ப வலிச்சுது. அங்க நின்னுருப்பேனோ என்னமோ. தெரியலை. நிஜமாத் தெரியலை."

கேலன் தலையை ஆட்டினார். அவருக்குக் கிடைத்த பதில் அதுதான். பிற்பாடும் அதை அவர் யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை.

அவள் படுக்கையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இந்த வாரம் நாங்க எத்தனாவது?"

தன் காதில் சரியாக விழவில்லையோ என்று அவர் அவளைப் பார்த்தார். எலும்புக்குள் கம்பியோடு படுத்திருக்கிற பெண் அதைத்தான் கேட்டாள்.

"இன்னும் போடலை. போடுறதா இல்லையான்னே..."

"போடுங்க. எங்க ஆளுங்க நாளைக்குக் காலையில தேடுவாங்க. இல்லைன்னா என்னாலதான் இல்லைன்னு நினைப்பாங்க." கையை நீட்டி ஒரு பேனாவைக் காட்டினாள். "பெக்கா வெயில் இல்லாட்டி நாப்பதுக்குள்ள வருவா. அவளுக்கு மேடு ஆகாது, அதையும் சேர்த்துக்கோங்க."

மதியச் சாப்பாட்டுத் தட்டோடு வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் இருவரும் எழுதிக் கூட்டினார்கள். ஒரு தடவை அவர் ஆர்டனைக் கொஞ்சம் தூக்கிப் போட்டார். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "பாவம் பார்க்காதீங்க," என்று கீழே இறக்கினாள். ஆறாவது இடத்தில் வந்து நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மருந்துத் தூக்கம் வருகிறது என்றாள்.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. கெஸ்லர் முதலிடம், ஆர்டன் ஆறு. எந்த அணியின் கீழும் ஒரு வரியும் இல்லை, ஒரு பெண்ணின் பேரும் இல்லை. ஏச்சு இன்னும் பலமாகக் கிளம்பியது. பிடித்து நிறுத்தினான், இப்போது கீழேயும் தள்ளிவிட்டான் என்றார்கள். புதன்கிழமை கர்ட் ஹாவர்மன் அதே இணையப் பக்கத்தில் வந்து ஆறு வரி எழுதினார். காலில் என்ன நடந்தது, டாக்டர் என்ன சொன்னார், ஆறாவது இடத்தைக் கணக்குப் போட்டது யார். அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு நாளில் பழைய ஏச்சுகளில் பாதி காணாமல் போயிருந்தன. எடைமேடைக்கு வந்து வானிலை பேசுகிறவர் அறுவடை முடியும்வரை கேலனிடம் அதைப் பேசவில்லை.

ஆர்டன் அந்த வருஷம் மாநிலப் பந்தயத்துக்குப் போகவில்லை. ஒரு வாரம் லைல் தன் இரண்டாவது ஆளை, லேசாக இழுத்து நடந்தாள் என்று கூடாரத்திலேயே உட்கார வைத்தார். அவள் கண்ணீர்விட்டு எனக்கு ஒன்றுமில்லை என்றாள். இந்தத் தடவை அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போன்களில் கேலன் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பதை விட்டுவிட்டு ஏழு பேரையும் பேர் சொல்லி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். சில கோச்சுகளுக்கு எரிச்சல் வந்தது. டாக்டர் ஆஸ்டர்கேம்ப் என்று கிண்டல் செய்தார்கள்.

ஜூனி கிறிஸ்துமஸுக்குள் ஊன்றுகோலை விட்டாள். ஜூன் மாதத்தில் ஓடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், பருவத்தின் முதல் பந்தயத்தில், ஆர்டனின் ஏழு பேரில் அவள் பேரும் இருந்தது. கேலன் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் துப்பாக்கி வெடிக்கப் போகிறது என்றதும் கால் கடைசி வளைவுக்குப் போக மறுத்தது. வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார். அங்கே டியான் தன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளாலும் பார்க்க முடியவில்லை.  அவள் சாவியைக் கைக்குள் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து ஜூனி புல்லில் நடந்து வந்தாள், அடியில் முள் பதித்த ஓட்டக் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து.

"ரெண்டு பேரும் இங்க நின்னு என்ன பண்றீங்க?" என்றாள். "முப்பத்தெட்டாவது. மோசம்தான்."

டியான் அதைக் காதில் வாங்கவே இல்லை. "வலிக்குதா?"

"உடம்பெல்லாம்," என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஓடினா எல்லாருக்கும் வலிக்குமே, அந்த வலிதாம்மா." காரின் பின்கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.